ரேடியோ, டிவி செய்திப் படிப்பு: யாராவது படித்திருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. சான் ஹோசேயில் இருக்கிறேன், வயது 38, சின்னவனும் பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டதால் இப்போதுதான் மூச்சு விட நேரம் கிடைத்திருக்கிறது. கம்யூனிட்டி காலேஜில் ரேடியோ, டிவி செய்தி சார்ந்த அசோசியேட் டிகிரி (இரண்டு வருடப் பட்டம்) படிக்கலாம் என்று இருக்கிறேன். கலிபோர்னியாவில் குடியிருப்பவர்களுக்கு யூனிட்டுக்கு (பாடங்களின் கிரெடிட் கணக்கு) 46 டாலர்தான், மொத்தம் 60 யூனிட், அதனால் பணம் பெரிய பிரச்சினை இல்லை (புத்தகமும் பார்க்கிங்கும் தனிக்கதை).

குழப்பமே வேறு. டிரான்ஸ்ஃபர் டிகிரியில் (முடித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறிப் படிப்பைத் தொடர்வதற்கானது) ஜர்னலிசம் என்று ஒன்று, ஃபிலிம், டெலிவிஷன், எலக்ட்ரானிக் மீடியா என்று இன்னொன்று. முதலாவதில் எழுத்து அதிகம், அடுத்ததில் கேமராவும் எடிட்டிங்கும். பிறகு சான் பிரான்சிஸ்கோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஒலிபரப்புத் துறைக்குப் போகத்தான் ஆசை. எதை எடுத்தால் யூனிட் வீணாகாது? காலேஜில் படிப்பு ஆலோசனை சொல்லும் இரண்டு கவுன்சிலர்களிடம் கேட்டேன், ஆளுக்கொன்று சொன்னார்கள்.

அப்புறம் என் உச்சரிப்பு. நேற்று ராத்திரி துணி அலமாரிக்குள் உட்கார்ந்து (எதிரொலி வராதாம்) 30 வினாடியில் வாசிக்க வேண்டிய செய்தியைப் போனில் பதிவு செய்தால் 43 வினாடி ஓடுகிறது, அதிலும் வி, டபிள்யூ இரண்டும் ஒரே மாதிரி கேட்கிறது. பையன் விழுந்து விழுந்து சிரித்தான்.

இந்தத் துறையில் இருப்பவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன், இந்த உச்சரிப்போடு மைக் முன்னால் விடுவார்களா, இல்லை புரொட்யூசர் வேலைக்குக் குறி வைப்பதுதான் நல்லதா? மாலை வகுப்பிலேயே முழுதும் முடித்தவர்கள் யாராவது உண்டா? இன்பாக்ஸில் சொன்னாலும் சரி.