சிங்கப்பூர் துணைக் காவல் படையில் வேலை: நியமனக் கடிதத்தில் எழுதப்படாத செலவுகள் எவை?

கேள்வி: கொழிஞ்சாம்பாறைக்காரன்

அனைவருக்கும் வணக்கம். நான் பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். பத்தாம் வகுப்பு வரை இங்கேயே தமிழ்வழியில் படித்தேன். பட்டப்படிப்பைப் பொள்ளாச்சியில் முடித்துவிட்டு, இப்போது கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையின் பாதுகாப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். சிங்கப்பூரில் காவல்துறைக்குத் துணையாகப் பாதுகாப்புப் பணி செய்யும் ‘துணைக் காவல் படை’ ஒன்றில் அதிகாரியாகச் சேர்வதற்கான நேர்காணலில் தேறி, நியமனக் கடிதமும் வந்துவிட்டது. விமானச் சீட்டையும் வேலை அனுமதிக் கட்டணத்தையும் நிறுவனமே ஏற்கிறது. தங்குமிடம் மட்டும் என் பொறுப்பு என்று எழுதியிருக்கிறார்கள்.

கையில் ஒரு லட்சம் இருந்தால் போதும் என்பது அப்பாவின் கணக்கு. அது ஒரு மாதத்துக்குக்கூடக் காணாது, வீட்டு நகையை வங்கியில் வைத்துவிட்டுப் போ என்கிறார் தாய்மாமன். இரண்டு வயதுக் குழந்தை இருப்பதால் மனைவியையும் குழந்தையையும் ஆறு மாதத்துக்குள் அழைத்துக்கொள்ள நினைக்கிறேன். இதற்கிடையே, நிறுவனம் கேட்டிருக்கும் சான்றொப்பங்களையும் மற்ற ‘கோப்பு வேலை’களையும் முடித்துத் தர ஒன்றரை லட்சம் ஆகும் என்று இடைத்தரகர் ஒருவர் கேட்கிறார். நம் பக்கத்திலிருந்து இந்த வேலைக்குப் போனவர்கள் எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. எதிர்பாராமல் வரும் செலவுகள் என்னென்ன, அவற்றுள் எவற்றை நிறுவனத்திடம் கேட்கலாம் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: ஜூரோங் வாசி

தம்பி, எனக்குச் சொந்த ஊர் கோபாலபுரம். துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். எங்கள் வீட்டில் பக்கத்து அறைக்காரர் துணைக் காவல் படையில் இருப்பவர். நீங்கள் முன்னோடி யாரையும் காணாததில் வியப்பில்லை. வெளிநாட்டவர் என்றால் மலேசியரையும் தைவானியரையும் மட்டுமே எடுத்துவந்த இந்தப் படைகள், இந்தியர்களையும் எடுக்கலாம் என்று ஆனது அண்மையில்தான்.

உங்கள் தாய்மாமன் சொல்வதே சரி. பயணத்துக்கு முன் ஆகும் செலவு கண்ணுக்குத் தெரிகிறது. ஆளை அமுக்குவது போய் இறங்கிய முதல் ஐந்து வாரங்கள். சம்பளக் காலம் முடிந்து ஏழு நாட்களுக்குள் சம்பளம் தர வேண்டும் என்பது இங்குள்ள சட்டம். அதாவது மாதத்தின் தொடக்கத்தில் வேலையில் சேர்ந்தால், முதல் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் வரும். அதுவரை கைப்பணம்தான். அதற்குள் அறை பிடித்தாக வேண்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் ஆறு மாதத்துக்குக் குறைவாக வாடகை ஒப்பந்தம் போட முடியாது. பெரும்பாலான உரிமையாளர்கள் ஓராண்டுதான் கேட்பார்கள். மாதம் 900 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலரை இங்கே வெள்ளி என்போம்) ஓர் அறை அமைந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாத வாடகை 900, முன்பணம் 900, வீட்டு முகவருக்கு அரை மாதத் தரகு 450. இவற்றுடன் ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை உண்டு; மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு, ஓராண்டுக்கு 43 வெள்ளி. இதைப் பலரும் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள். ஆக, சாவி கைக்கு வருவதற்குள் ஏறத்தாழ 2,300 வெள்ளி, நம் பணத்தில் ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிடும். அப்பா சொன்ன ஒரு லட்சம் இங்கேயே தீர்ந்தது.

அறையைப் பார்க்கும்போது சமைக்க விடுவார்களா என்று முதலில் கேளுங்கள். ‘சமையல் கூடாது’ என்ற நிபந்தனையோடு வரும் அறை வாடகையில் மலிவாக இருக்கும். மூன்று வேளையும் உணவங்காடியில் சாப்பிட்டால் மாதக் கடைசியில் அந்த மலிவின் விலை தெரியும். குளிர்சாதன மின்கட்டணம் வாடகையில் சேர்ந்ததா என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

அதைவிட முக்கியம், அறை எங்கே என்பது. எங்கள் பக்கத்து அறைக்காரருக்குப் பணி சாங்கி விமான நிலையத்தில். வாடகை குறைவு என்று ஜூரோங்கில் அறை பிடித்திருக்கிறார். தீவின் மேற்குக் கோடியிலிருந்து கிழக்குக் கோடிக்குப் பயணம். பகல் ஷிப்டுக்கு ரயிலில் போய்விடலாம், காசும் அதிகமில்லை. ஆனால் நள்ளிரவுக்குப் பின் ரயில் ஓடாது. இரவு 12 மணியிலிருந்து காலை 6 மணி வரை டாக்சியில் மீட்டர் கட்டணத்துக்கு மேல் பாதி கூடுதலாகப் பிடிப்பார்கள். விடியுமுன் தொடங்கும் ஷிப்டுகள் வரிசையாக அமைந்த மாதத்தில், வாடகையில் மிச்சம் பிடித்தது முழுவதும் டாக்சிக்கே போய்விடுகிறது. ஆகையால், எந்த இடத்தில் பணி, ஷிப்டு எத்தனை மணிக்கு மாறும், அகால நேரத்தில் நிறுவன வண்டி உண்டா என்ற கேள்விகளை இப்போதே மின்னஞ்சலில் கேட்டு, அறையைப் பிறகு தேடுங்கள். முதல் மாதத்துக்கு மட்டும் விடுதி தர முடியுமா என்றும் கேளுங்கள். கேட்பதில் குறைவொன்றும் இல்லை.

குடும்பத்தை அழைத்துக்கொள்வது பற்றி மனம் நோகாமல் சொல்ல எனக்குத் தெரியவில்லை. மனைவிக்கும் குழந்தைக்கும் சார்ந்தோர் அனுமதி பெற, மாத நிலையான சம்பளம் 6,000 வெள்ளியாவது இருக்க வேண்டும். உங்களுக்குக் கிடைப்பது ‘ஒர்க் பெர்மிட்’ என்றால் அதற்கு வழியே இல்லை. அதற்கு மேல்நிலை அனுமதியான ‘எஸ் பாஸ்’ என்றாலும் அந்தத் தொகையை எட்ட வேண்டும். கடிதத்தில் எது எழுதியிருக்கிறது என்று பாருங்கள். எட்டவில்லையென்றால், இரண்டு குடித்தனத்துக்கான கணக்கை இன்றைக்கே போட்டுக்கொள்ளுங்கள்.

பதில்: சான்றிதழ் மேசை, பாலக்காடு

அந்த ஒன்றரை லட்சத்தைக் கொடுக்காதீர்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆளெடுக்கும் முகவர், 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்றிருக்க வேண்டும். அப்படிப் பதிவு பெற்றவரே 30,000 ரூபாயும் அதன்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும், ஆக 35,400 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. அவர் பெயர் வெளியுறவு அமைச்சகத்தின் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். நிறுவனமே நேரடியாக நேர்காணல் நடத்திக் கடிதம் கொடுத்திருக்கும்போது இடையில் இவருக்கு என்ன வேலை என்பதும் எனக்குப் புரியவில்லை.

சான்றிதழ்கள் விஷயத்தில், எல்லையில் குடியிருப்பவர்களுக்கென்றே ஒரு தனிச் செலவு உண்டு. சான்றிதழ் எந்த மாநிலத்தில் வழங்கப்பட்டதோ அந்த மாநிலம்தான் அதற்குச் சான்றொப்பம் இட முடியும். உங்கள் எஸ்.எஸ்.எல்.சி. கேரளத்தது என்பதால் நோர்க்கா (வெளிநாடுவாழ் கேரளத்தவருக்கான அரசு அமைப்பு) வழியாக எர்ணாகுளத்திலோ கோழிக்கோட்டிலோ முடித்துக்கொள்ளலாம்; பொள்ளாச்சியில் வாங்கிய பட்டம் தமிழ்நாட்டு உயர்கல்வித் துறைக்குப் போக வேண்டும். இரண்டு மாநிலம், இரண்டு வரிசை, இரண்டு பயணம். வேலைக்கு விடுப்பு எடுக்கும் நாட்களின் சம்பள இழப்பையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.

இரண்டும் முடிந்தபின், ஆவணம் வெளிநாட்டில் செல்லுபடியாக வெளியுறவு அமைச்சகம் இடும் ‘அப்போஸ்டில்’ முத்திரை. இந்தியா 2005இலும் சிங்கப்பூர் 2021இலும் அந்த முத்திரையை ஏற்கும் பன்னாட்டு உடன்படிக்கைக்குள் வந்துவிட்டதால், அதற்கு மேல் தூதரக முத்திரை தேவையில்லை. ஆனாலும் பழைய விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு ‘தூதரகக் கட்டணம்’ என்று ஒரு வரியைச் சேர்த்து வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முதலில் நிறுவனம் கேட்பது அப்போஸ்டில்தானா, அல்லது பின்னணிச் சரிபார்ப்பு நிறுவனம் ஒன்றின் அறிக்கை போதுமா என்று தெளிவாகக் கேட்டுவிடுங்கள். தேவையில்லாததற்குச் செலவழித்துவிட்டு வருந்துகிறவர்கள் வாரம் ஒருவராவது எங்கள் மேசைக்கு வருகிறார்கள்.

இன்னொன்று, தலைப்பெழுத்து. கேரளச் சான்றிதழில் அது பெயருக்குப் பின்னால் இருக்கும், தமிழ்நாட்டுப் பட்டத்தில் முன்னால் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயராக விரிந்து நிற்கும். காவல் வேலை என்பதால் மூன்று பெயரும் ஒருவருடையதே என்று உறுதிமொழிப் பத்திரம் கேட்க வாய்ப்பு அதிகம். நோட்டரி செலவு சிறியது. கடைசி வாரத்தில் அதற்காக அலைவதுதான் பெரியது. காவல்துறை நன்னடத்தைச் சான்றுக்குப் பாஸ்போர்ட் சேவைத் தளத்தில் 500 ரூபாய் கட்டணம். அதையும் முகவர் மூலம் செய்ய வேண்டியதில்லை.

பதில்: வேலந்தாவளம் அக்கா

தம்பி, எல்லோரும் அங்கே ஆகும் செலவைச் சொல்லிவிட்டார்கள். வீட்டில் ஆகும் செலவை நான் சொல்கிறேன். என் கணவர் சிங்கப்பூர் போனபின், அதுவரை காசில்லாமல் நடந்துகொண்டிருந்த வேலைகளுக்கெல்லாம் விலை வந்துவிட்டது. தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்ச ஆள் கூலி, மாமியாரைக் கோவைக்கு மருத்துவரிடம் அழைத்துப் போக வாடகைக் கார், மோட்டார் பழுதானால் மெக்கானிக், ரேஷன் கடைக்கும் மின்வாரியத்துக்கும் ஆட்டோ என்று ஒவ்வொன்றும் சிறு தொகைதான். ஆனால் அவர் மாதச் செலவுக்கென்று அனுப்பிய பணத்தில் பெரும்பகுதி, நாங்கள் பட்டியலில் எழுதாத இந்தச் செலவுகளுக்கே போனது.

போகும்போது பாதியில் நிற்கும் கடமைகளையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். குறி (சீட்டு) போட்டிருந்தால், முதல் சம்பளம் வருவதற்குள் ஒரு தவணையாவது வந்து நிற்கும். மாரியம்மன் நோம்பி (திருவிழா) வரியில்கூட வெளிநாட்டுக்காரர் வீடு என்று தனியாகப் பார்ப்பார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. கணக்கில் வைக்கச் சொல்கிறேன்.

நெருங்கிய உறவில் இறப்போ நோயோ நேர்ந்தால் அன்றைய விலைக்குத்தான் விமானச் சீட்டு வாங்க வேண்டும். அதற்கென்று ஒரு தொகையை உங்கள் மனைவி பெயரில் தொடாமல் வையுங்கள். உங்கள் பெயரில் வைத்தால் தொட்டுவிடுவீர்கள்.

கேள்வி கேட்டவர்: கொழிஞ்சாம்பாறைக்காரன்

மூவருக்கும் மிக்க நன்றி. கடிதத்தைத் திரும்பப் படித்தேன். சம்பளம் 6,000 வெள்ளிக்குக் கீழேதான் இருக்கிறது, ஆகையால் குடும்பத்தை அழைக்கும் எண்ணத்தை ஒத்திவைக்கிறேன். அந்தத் தரகரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வருமான வரி, பி.எஃப். போன்றவை பற்றிக் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. பிடித்தம் எதுவும் இல்லை என்று மகிழலாமா?

பதில்: ஜூரோங் வாசி

மகிழ வேண்டாம், தம்பி. இங்கே மாதாமாதம் வரி பிடிக்க மாட்டார்கள்; இவ்வாண்டு வருமானத்துக்கு அடுத்த ஆண்டு மொத்தமாகச் சீட்டு வரும். குடியிருப்பாளர் என்ற கணக்கில் வந்தால் முதல் 20,000 வெள்ளிக்கு வரியில்லை, அதற்கு மேலும் தொடக்கத்தில் குறைவுதான். வட்டியில்லாமல் பன்னிரண்டு தவணையாகவும் கட்டலாம். ஒரு நாட்காட்டி ஆண்டில் 60 நாட்களுக்கு மேலும் 183 நாட்களுக்குக் குறைவாகவும் இருந்து, வேலையும் அடுத்த ஆண்டுக்குத் தொடராவிட்டால், குறைந்தது 15 விழுக்காடு நேராகப் போய்விடும். ஆண்டின் பிற்பாதியில் வந்து, பிடிக்கவில்லை என்று சில மாதங்களில் திரும்புகிறவர்களுக்கு விழும் அடி இதுதான். வேலையை விட்டு ஊர் திரும்பும்போது, வரிக் கணக்கு முடியும்வரை உங்களுக்குச் சேர வேண்டிய பணத்தை நிறுவனம் நிறுத்திவைக்கும். ஆகவே கடைசிச் சம்பளத்தை நம்பி எதையும் ஏற்காதீர்கள்.

பி.எஃப். போன்ற மத்திய சேமநிதி வெளிநாட்டவருக்குக் கிடையாது. உங்கள் பங்கும் இல்லை, நிறுவனத்தின் பங்கும் இல்லை. கஞ்சிக்கோட்டில் இப்போது உங்கள் கணக்கில் நிறுவனம் போடும் தொகையை, இனி நீங்களே ஒதுக்க வேண்டும். கேரளத்தில் குடியிருப்பதால், வெளிநாடுவாழ் கேரளத்தவருக்கான பிரவாசி நல வாரியத்தில் சேர்ந்து மாதச் சந்தா கட்டலாம். ஐந்தாண்டுகளாவது கட்டியிருந்தால் அறுபது வயதுக்குப் பின் ஓய்வூதியம் உண்டு. மருத்துவத்தில், ஆண்டுக்கு 60,000 வெள்ளிக்குக் குறையாத காப்பீட்டை நிறுவனம் எடுத்தாக வேண்டும். ஆனால் அது மருத்துவமனையில் சேர்வதற்கும் அறுவைச் சிகிச்சைக்கும் உரியது, பல்லுக்கு அல்ல. சொத்தைப் பல் ஏதும் இருந்தால் சித்தூரிலேயே பார்த்துவிட்டு வாருங்கள்.

பெட்டி கட்டும்போது ஒன்று கவனியுங்கள். நிறுவனம் எடுத்துத் தரும் சீட்டு மலிவு விமானத்ததாக இருந்தால் பெட்டிக்கு இடம் சேர்ந்திருக்காது. விமான நிலையத்தில் போய்க் கட்டினால் விலை கூடும். வீட்டில் அரைத்துக் கொடுக்கும் மசாலாவில் கசகசா இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முன் அனுமதி இல்லாமல் அதை இங்கே கொண்டுவர முடியாது. குட்கா போன்ற மெல்லும் புகையிலைக்கு இங்கே அடியோடு தடை. சிகரெட்டுக்குத் தீர்வை விலக்கு ஒரு பெட்டிக்குக்கூட இல்லை. மற்றவர்களுக்கு அபராதத்தோடு போகலாம். காவல் சீருடை போட வருகிறவருக்கு வேலையே போகும்.

பதில்: ஓய்வுபெற்ற ஏ.எஸ்.ஐ.

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பயிற்சிக் காலத்தில் முழுச் சம்பளமா, உதவித்தொகையா என்று கடிதத்தில் பாருங்கள். குறிப்பிட்ட காலத்துக்கு முன் வேலையை விட்டால் பயிற்சிச் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்ற பிணை இருக்கிறதா என்றும், இருந்தால் தேர்வில் தேறாமல் நிறுவனமே அனுப்பிவிட்டாலும் அது பொருந்துமா என்றும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிணைக்கு இங்கே யாரேனும் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டுமென்றால், தொகை எவ்வளவு என்று தெரியாமல் தாய்மாமனைப் போட வைக்காதீர்கள். வேலை அனுமதிக்காக அங்குள்ள அரசுக்கு முதலாளி கட்டும் மாதாந்தரத் தீர்வையும், ஒர்க் பெர்மிட் என்றால் அவர் வைக்கும் 5,000 வெள்ளி பிணைத்தொகையும் முழுக்க அவர் பொறுப்பு. எந்தப் பெயரிலும் உங்கள் சம்பளத்தில் அவை கழிக்கப்படக் கூடாது.

நகையை வைப்பதாக இருந்தால் கூட்டுறவு வங்கியில், முதல் ஐந்து வாரத்துக்கு வேண்டிய அளவுக்கு மட்டும் வையுங்கள். மிச்சத்துக்கு, சேர்ந்த முதல் வாரத்திலேயே சம்பள முன்பணம் தருவார்களா என்று நிறுவனத்தின் மனிதவளப் பிரிவைக் கேட்டு, பதில் வந்தபின் விமானம் ஏறுங்கள்.