கார்டில் ஹெச்சிவி பாசிட்டிவ், காலையில் கேஸ் மாத்திரை, சாயங்காலம் கள்ளு: எந்த மருந்து, எப்படி?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை_கிளினிக்

ஆண், வயது 52. கண்புரை ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த கார்டு டெஸ்டில் ஆன்டி-ஹெச்சிவி (ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்பொருள்) பாசிட்டிவ். ஈரல் என்சைம்கள் எஸ்ஜிஓடி 96, எஸ்ஜிபிடி 81, பிளேட்லெட் 98,000, பிலிருபின் 1.1, ஆல்புமின் 3.8. வயிற்றில் நீர் இல்லை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு. தினம் வெறும் வயிற்றில் கேஸ் மாத்திரை பாண்டோபிரசோல் 40. கள்ளு உண்டு. வீட்டில் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறார்கள். பொள்ளாச்சியில் ஹெப் சி மருந்தான சோஃபோஸ்புவிர்-டாக்லடாஸ்விர் 3 டப்பா வாங்கித் தொடங்கிடலாமா என்று மகன் கேட்கிறார்.

பதில் 1: ஈரல்_ஓபி

டப்பா வாங்க வேண்டாம்னு சொல்லுங்க. கார்டு காட்டுவது ஆன்டிபாடியை மட்டும்தான். வைரஸ் தானாகவே போயிருந்தாலும் அது பாசிட்டிவாகவே நிற்கும். முதலில் ஹெச்சிவி ஆர்என்ஏ (வைரஸ் இப்போது ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட்). கூடவே ஹெச்பிஎஸ்ஏஜி (ஹெபடைட்டிஸ் பி டெஸ்ட்) கட்டாயம்: பி வைரஸும் இருந்தால், சி அடங்கும்போது அது கிளம்பலாம்.

அடுத்து ஏப்ரி கணக்கு (ஈரல் தழும்பை ரத்த டெஸ்டை வைத்து மதிப்பிடுவது). எஸ்ஜிஓடிக்கு லேபின் உச்ச அளவு 40 என்றால் 96-ஐ 40-ஆல் வகுத்து 2.4, அதை 98-ஆல் (ஆயிரத்தில் பிளேட்லெட்) வகுத்து 100-ஆல் பெருக்கினால் 2.45. இரண்டைத் தாண்டினால் சிரோசிஸ் (ஈரல் தழும்பேறி இறுகுவது) என்றே வைத்துக்கொள்ளணும். வயதையும் சேர்த்துப் போடும் இன்னொரு கணக்கான ஃபிப்-4-ம் 5.6-க்கு மேல் வருது (3.25 தாண்டினாலே போதும்). தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் திட்டத்தின்படி சிரோசிஸ் இல்லாதவருக்குத்தான் டாக்லடாஸ்விர் 60. இவருக்கு சோஃபோஸ்புவிர் 400, வெல்படாஸ்விர் 100 சேர்ந்த மாத்திரை, தினம் ஒன்று, 12 வாரம். ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் வேகம்) போடலையே, போடுங்க. நீர் கோத்தாலோ புத்தி தடுமாறினாலோ கிளினிக்கில் தொடங்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுங்க.

2018 ஜூலை 28-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். பாலக்காடு மாவட்ட ஆஸ்பத்திரியில் விசாரிங்க.

பதில் 2: ஸ்லைடு_கண்ணாடி

கணக்கு சரிதான் சார், ஆனா அந்த 98,000-ஐ நம்பலாமா? ஈடிடிஏ (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) குழாயில் பிளேட்லெட் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் மெஷின் குறைத்துக் காட்டும். ஸ்மியர் (ரத்தத்தை ஸ்லைடில் தடவி மைக்ரோஸ்கோப்பில்) பார்க்கணும். சமீபத்தில் டெங்கு வந்திருந்தாலும் ஏப்ரி பொய் சொல்லும். ஈரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் கிடைத்தால் சந்தேகம் குறையும்.

பதில் 3: வாளையார்_பார்மசி

இந்தக் கேஸில் கோளாறு கேஸ் மாத்திரையில்தான். வெல்படாஸ்விர் கரைய வயிற்றில் அமிலம் வேணும். காலையில் பாண்டோபிரசோல் போட்டுவிட்டு மேலே இதை விழுங்கினால் மருந்து ரத்தத்தில் சரியாக ஏறாது. அவசியம் இல்லாவிட்டால் டாக்டரிடம் கேட்டு 12 வாரத்துக்கு நிறுத்திடுங்க. நிறுத்த முடியாதென்றால் வரிசையை மாற்றுங்க: காலை இட்லியோடு ஹெப் சி மாத்திரை, 4 மணி நேரம் கழித்துக் கேஸ் மாத்திரை, அதுவும் ஒமிபிரசோல் 20 அளவுக்கு மேல் போகாமல். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் பாட்டில் ஜெலுக்கும் அதே 4 மணி நேர இடைவெளி.

அமியோடரோன் சாப்பிடுபவருக்கு இதயத் துடிப்பு அபாயமாகக் குறையும். வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமசெபின், டிபிக்கான ரிஃபாம்பிசின் இருந்தால் இந்த மருந்தே வேண்டாம்.

வைரஸ் அடங்க அடங்க உடம்பின் இன்சுலின் நன்றாக வேலை செய்யும். கிளிமிபிரைடு அப்படியே இருந்தால் மருந்து ஓடும் நாட்களில் சர்க்கரை இறங்கிக் கை நடுங்கலாம். வீட்டு மீட்டரில் பார்க்கச் சொல்லுங்க. மாத்திரை தவறினால் 18 மணி நேரத்துக்குள் ஞாபகம் வந்தால் உடனே, தாண்டிவிட்டால் அடுத்த வேளைதான், இரட்டை வேண்டாம். 3 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று.

கேட்டவர்: நன்றி சார். ஸ்மியர் அனுப்பியாச்சு. கள்ளு குடிக்கிறவருக்கு மருந்து கொடுப்பாங்களா? கீழாநெல்லி?

பதில் 4: ஈரல்_ஓபி

குடிப்பார் என்பதற்காக மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. குடியை நிறுத்தச் சொல்வது தழும்பேறிய ஈரலுக்காக. கீழாநெல்லி இந்த வைரஸை அழிக்காது. 12 வாரத்துக்கு வீட்டு மருந்து எதுவும் வேண்டாம், பரிசோதனையில் எது எதனால் ஏறியது என்று தெரியாமல் போகும்.

மருந்து முடிந்த 12-வது வாரம் மறுபடி ஆர்என்ஏ. வைரஸ் இல்லையென்றால் குணம். இதற்கு வராமல் நின்றுவிடுகிறவர்கள்தான் நிறைய. சிரோசிஸ் உறுதியானால் வைரஸ் போன பிறகும் 6 மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் உண்டு. அந்த ஆர்என்ஏ ரிப்போர்ட்டை லேமினேட் பண்ணிக் கொடுங்க. அடுத்த கண் ஆபரேஷனிலும் கார்டு பாசிட்டிவ்னுதான் வரும், ஆளைத் திருப்பி அனுப்பிடுவாங்க.