ஐந்து மாதப் பாப்பாவுக்குக் காது கேட்கிறதா? காத்திருக்கலாமா?

கயல் அம்மா:
என் மகளுக்கு ஐந்து மாதம் ஆகப் போகிறது. குக்கர் விசில் அடித்தாலும் அசையாமல் தூங்குகிறாள். கதவைப் படாரென்று சாத்தினால் மட்டும் திடுக்கிடுகிறாள். "ங்கா" என்று நன்றாகக் குரல் கொடுக்கிறாள். பிறந்தபோது காதுச் சோதனை செய்துவிட்டு மறுபடி வரச் சொன்னார்கள், போகவில்லை. "உம் புருசனே மூணு வயசுலதான் பேசினான்" என்கிறார் அத்தை. காத்திருக்கலாமா?

ஈரோட்டுக்காரி:
வேண்டாம் தங்கச்சி. நான் பதினான்கு மாதம் காத்திருந்தவள். என் மகனுக்குப் பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைத் தட்டுவேன், திரும்புவான். அப்பாடா என்றிருக்கும். ஒருநாள் கரண்ட் போன இருட்டில் அதே தட்டைத் தட்டினேன். மடியில் கிடந்தவன் விரல் சூப்புவதைக்கூட நிறுத்தவில்லை. அதுவரை அவன் திரும்பியது சுவரில் ஆடிய என் நிழலைப் பார்த்துத்தான்.

கதவு சாத்தும் அதிர்வு தூளி வரைக்கும் வரும். "ங்கா" சத்தம் காது கேட்காத பிள்ளைக்கும் வரும், அப்புறம்தான் குறையும். அதனால் வீட்டுச் சோதனையை நம்பாதீர்கள்.

முதலில் ஓஏஇ என்ற காதுச் சோதனை. தூங்கும்போது காதில் சின்ன முனையை வைத்துச் சில நிமிடத்தில் பார்த்துவிடுவார்கள். பிறந்த நேரத்து நீர் காதில் இருந்தாலும் அதில் தவறும், அதற்குத்தான் மறுபடி கூப்பிடுவது. அதிலும் தவறினால் பெரா, சத்தம் காதிலிருந்து மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் சோதனை. நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர்களை ஒட்டிப் பார்ப்பார்கள். பிள்ளை அசையாமல் தூங்க வேண்டும், வழியில் தூங்கவிடாமல் அங்கே போய்ப் பால் கொடுங்கள். 1 மாதத்தில் சோதனை, 3 மாதத்தில் உறுதி, 6 மாதத்துக்குள் காது மிஷின் என்பதுதான் கணக்கு. எங்களுக்கு மிஷின் வர ஒன்றரை வயதாகிவிட்டது. அந்த ஒரு வருடப் பேச்சை மீட்க நாங்கள் பட்ட பாடு!

செலவை நினைத்துத் தயங்காதீர்கள். மாவட்ட அரசு ஆஸ்பத்திரியில் டி.இ.ஐ.சி. (பிள்ளைகளின் குறைகளைச் சீக்கிரமே கண்டறியும் மையம்) எங்கே என்று கேளுங்கள். ஆபரேஷன் வரை போனாலும், 6 வயதுக்குள் காக்ளியர் இம்ப்ளான்ட்டுக்கு (உள்காதில் பொருத்தும் கேட்கும் கருவி) முதலமைச்சர் காப்பீடு உண்டு.

தூளிக்கயிறு:
சொந்தத்தில் கல்யாணமா? இன்குபேட்டரில் இருந்தாளா? மஞ்சள் காமாலைக்கு ரத்தம் மாற்றினார்களா? இவற்றாலும் காது கேட்காமல் போகலாம், எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள். குளிப்பாட்டும்போது காதில் எண்ணெய் விட வேண்டாம்.

கயல் அம்மா:
மாமன் மகனைத்தான் கட்டியிருக்கிறேன் அக்கா. இன்குபேட்டரில் எட்டு நாள் இருந்தாள். நேற்று ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுத் தட்டைத் தட்டிப் பார்த்தோம். மூன்று தடவை. அத்தை ஒன்றும் பேசவில்லை, பீரோவிலிருந்து ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்துப் பையில் வைத்தார். நாளை முதல் பஸ்ஸில் அவரும் வருகிறார்.