எருக்கில் வெந்தய வரியன் முட்டைகள்: பாதிக்கு மேல் பூஜ்ஜியம், மாடல் நிற்கவில்லை

கேள்வி: எருக்கங்கரை

வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி எப்படிப்பட்ட எருக்கஞ்செடியைத் தேடி முட்டையிடுகிறது என்று பார்க்கிறேன். 4 இடங்கள், இடத்துக்கு 60 செடி. வாரம் ஒருமுறை என 4 வாரம் எண்ணி, செடிவாரியாகக் கூட்டினேன். மொத்தம் 264 முட்டை. 144 செடியில் ஒன்றுகூட இல்லை. சராசரி 1.1, மாறுபாடு 4.1.

மாறிகள்: உயரம் (செ.மீ.), இலை எண்ணிக்கை, தளிரிலை எண்ணிக்கை, நிழல் சதவீதம், அடுத்த எருக்குக்கு உள்ள தூரம், எறும்பு உண்டா இல்லையா.

எண்ணிக்கைத் தரவுக்கான பாய்சான் மாடலில் எல்லா மாறிக்கும் மூன்று நட்சத்திரம் (மிக வலுவான சான்று என்ற குறி), 1க்கு அருகே இருக்க வேண்டிய சிதறல் விகிதம் 3.2. பூஜ்ஜியம் அதிகம் என்பதால், கூடுதல் பூஜ்ஜியத்துக்குத் தனிப் பகுதி உள்ள ஜீரோ-இன்ஃப்ளேட்டட் பாய்சானுக்குப் போனேன். இரண்டு பகுதியிலும் ஆறு மாறிகளையும் போட்டு, இடத்தை ரேண்டமாக வைத்தேன். ஹெஸியன் எச்சரிக்கை (மதிப்பீடு ஒரு முடிவில் நிலைக்கவில்லை என்பது) வருகிறது, திட்டப்பிழைகள் எல்லாம் என்ஏஎன் (எண் இல்லை). எங்கே தப்பு?

பதில்: மூன்றாமிலை

அந்த நட்சத்திரங்களை நம்ப வேண்டாம். சிதறல் 3.2 என்றால் உண்மையான திட்டப்பிழை அதன் வர்க்கமூலம், ஏறக்குறைய 1.8 மடங்கு பெரிது. பாதி நட்சத்திரம் உதிர்ந்துவிடும்.

பூஜ்ஜியத்துக்குத் தனி இயந்திரம் தேவையா என்று முதலில் கையால் கணக்குப் போடுங்கள். சராசரி 1.1க்கு பாய்சான் எதிர்பார்ப்பது 33% பூஜ்ஜியம், உங்களிடம் 60%. மாறுபாடு சராசரியை விஞ்ச இடம் தரும் நெகட்டிவ் பைனாமியலில், குவிவைக் காட்டும் கே = 1.1² ÷ (4.1 − 1.1), அதாவது சுமார் 0.4. பூஜ்ஜிய வாய்ப்பு (1 + 1.1/0.4)^−0.4, கிட்டத்தட்ட 59%. முட்டைகள் சில செடிகளில் குவிவதே இத்தனை பூஜ்ஜியத்துக்கும் போதும். இன்ஃப்ளேஷன் பகுதிக்கு விளக்க ஒன்றும் மிச்சமில்லாதபோது அதில் ஆறு மாறிகளை அடைத்தால் ஹெஸியன் கெடாமல் என்ன செய்யும்?

ஆர் மென்பொருளின் ஜிஎல்எம்எம்-டிஎம்பி தொகுப்பில் நெகட்டிவ் பைனாமியலுக்கான என்பைனாம்2 போடுங்கள், இன்ஃப்ளேஷன் வேண்டாம். 4 இடத்தை வைத்து இடங்களுக்கிடையேயான மாறுபாட்டை மதிப்பிட முடியாது. இடத்தைச் சாதாரண காரணியாகவே வையுங்கள். எண் மாறிகளைச் சராசரி 0, திட்டவிலக்கம் 1 ஆக்கிக்கொள்ளுங்கள். இலை எண்ணிக்கையை நேரே ஆஃப்செட் (கெழுவை 1 என்று நிலைநிறுத்திய மாறி) ஆக்கினால், இலை இரட்டித்தால் முட்டையும் இரட்டிக்கும் என்று நீங்களே முடிவுகட்டியதாகிவிடும். முதலில் அதன் மடக்கையைத் திட்டப்படுத்தாமல் மாறியாக விட்டுக் கெழு 1க்கு அருகே வருகிறதா பாருங்கள். உயரமும் இலையும் சேர்ந்தே ஏறும், ஒன்றை எடுத்துவிடலாம்.

எருக்கங்கரை

ஓடிவிட்டது, எச்சரிக்கை இல்லை. மாடலைச் சோதிக்கும் தர்மா தொகுப்பின் எச்சங்களும் பூஜ்ஜியச் சோதனையும் சரி. தளிரிலையும் தூரமும் நின்றன, நிழல் விழுந்தது. எறும்புக்கு வலுவான எதிர்மறைக் கெழு. எறும்புள்ள செடியை வண்ணத்துப்பூச்சி தவிர்க்கிறது என்று எழுதலாமா?

பதில்: களஏடு

எழுதக்கூடாது. நீங்கள் எண்ணியது இட்ட முட்டையை அல்ல, பார்க்கும்வரை தப்பிய முட்டையை. மஞ்சள் அசுவினி அடைந்த தளிருக்குத் தேன்துளி தேடி எறும்பு வரும். வந்தது முட்டையையும் தூக்கும். தவிர்த்தலும் தின்னலும் ஒரே குறியில்தான் கெழு தரும். உங்கள் தரவில் இரண்டையும் பிரிக்க வழியே இல்லை.

வார இடைவெளியும் பெரிய ஓட்டை. முட்டை 3 முதல் 5 நாளில் பொரிந்துவிடும், புழு தன் ஓட்டையே தின்றுவிடும், தடயமும் இருக்காது. அடுத்த சுற்றில் இரண்டு நாள் அடுத்தடுத்துப் போங்கள். முதல் நாள் இலையின் அடிப்பக்கத்தையும் திருப்பிப் பார்த்து, முட்டையுள்ள இலையின் காம்பில் நூல் கட்டி, எத்தனை என்று குறியுங்கள் (வெண்பொடி படிந்த எருக்கிலையில் மார்க்கர் பிடிக்காது, காம்பு ஒடிந்து வடியும் பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்). 24 மணி நேரம் கழித்துப் புதிதாக வந்ததை மட்டும் இந்த மாடலுக்கு எடுங்கள். நூல் கட்டியதில் காணாமல் போனது எத்தனை என்பது எறும்புக்கான தனி பைனாமியல் (தப்பியதா, போனதா) மாடல்.

பதில்: மூன்றாமிலை

களஏடு சொன்னதோடு ஒன்று. தூரத்தின் கெழு நேர்மறை என்றால் தனிச்செடியைப் பூச்சி விரும்புகிறது என்று படிக்காதீர்கள். முட்டைக்கோஸ் வெள்ளை வண்ணத்துப்பூச்சியிலும் தனித்து நிற்கும் செடிக்கு அதிக முட்டை விழும். அங்கே வந்து இறங்கும் பூச்சிக்கு வேறு செடி இல்லை, அவ்வளவுதான். விருப்பம் என்ற சொல் வேண்டுமென்றால், முட்டை விழுந்த ஒவ்வொரு செடிக்கும் 5 மீட்டருக்குள் முட்டையில்லாத 3 செடியைச் சேர்த்து, குழுவுக்குள்ளேயே ஒப்பிடும் கண்டிஷனல் லாஜிஸ்டிக் மாடலைப் போடுங்கள். குழுவுக்குள் வேறுபடாத இடம் தானே கழிந்துவிடும்.

எருக்கங்கரை

சரி. எறும்பை விருப்ப மாடலிலிருந்து எடுத்துவிட்டேன். நூல் வாங்கியாயிற்று.