பத்தமடைப் பாய் விற்கும் தளம்: தமிழில் பெயர் தட்டினால் சிதைந்து வருகிறது, உதவி வேண்டும்

பாய்க்கடை:
வணக்கம். பத்தமடையில் நெய்த பாய்களை இணையத்தில் விற்கிறோம். மணமக்கள் பெயரை நெய்து தரும் கல்யாணப் பாய்தான் அதிகம் போகும். வெளிநாட்டு டெம்ப்ளேட் ஒன்றை வைத்துச் செய்த தளம். ஆங்கிலப் பக்கம் ஒழுங்காக ஓடுகிறது, தமிழ்ப் பக்கத்தில்தான் தொல்லை. வாடிக்கையாளர் "முத்துலட்சுமி" என்று தட்டினால் எங்களுக்கு "மததலடசம" என்று வருகிறது. "கார்த்திக்" என்றால் "கரததக". நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை மாற்றிப் போட்டும் அப்படியேதான் இருக்கிறது. ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டுப் பெயர் கேட்டு எழுதிக்கொள்கிறோம். தறியில் தப்பாக ஏறிவிட்டால் அந்தப் பாயை வேறு யாருக்கும் விற்க முடியாது.

இன்னொன்று, கடைசிப் பெயர் என்று ஒரு பெட்டி இருக்கிறது. அதை நிரப்பாமல் ஆர்டர் போகாது. இன்ஷியல் மட்டும் வைத்திருப்பவர்கள் அதில் என்ன எழுதுவார்கள்? பலர் அந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

பாளை நிரலர்:
அண்ணாச்சி, எழுத்துருவில் கோளாறு இல்லை. எது காணாமல் போகிறது என்று பாருங்கள்: கால், கொக்கி, புள்ளி. யூனிகோடில் க, ம போன்றவை "எழுத்து" வகை. கால், கொக்கி, புள்ளி எல்லாம் "குறி" என்ற தனி வகை. பெயர்ப் பெட்டியைச் சுத்தம் செய்யும் ரெஜெக்ஸ் (எதை ஏற்பது, எதை அழிப்பது என்று நிரலில் எழுதும் விதி), எழுத்தையும் இடைவெளியையும் தவிர மற்றதையெல்லாம் அழித்துவிடுகிறது என்று நினைக்கிறேன். ஆங்கிலப் பெயருக்கு அது போதும், தமிழ்ப் பெயரைச் சிதைத்துவிடும். எழுத்து வகையோடு (எல்) குறி வகையையும் (எம்) அனுமதிக்கச் சொல்லுங்கள். முற்றுப்புள்ளியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இன்ஷியலுக்கு அது வேண்டும். பிரவுசர், சர்வர் இரண்டு பக்கமும் இந்தச் சோதனை இருக்கும். ஒன்றை மட்டும் திருத்தினால் கோளாறு தீராது.

கடைசிப் பெயர் பெட்டியை எடுத்துவிட்டு, "இன்ஷியலுடன் பெயர்" என்று ஒரே பெட்டி வையுங்கள்.

மேலப்பாளையத்துக்காரி:
உங்கள் தளத்தைப் பார்த்தேன் அண்ணாச்சி. முகப்பில் இருக்கும் கல்யாணப் படம் எல்லாம் தாலி கட்டும் படம்தான். பத்தமடையில் பாய் நெய்கிறவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள், நிக்காஹ் வீடுகளிலும் பாய் வாங்குவார்கள். பாளையங்கோட்டையில் கிறிஸ்தவக் குடும்பங்கள் எத்தனை! அந்தப் படத்தைப் பார்த்ததும் இது நமக்கான கடை இல்லை என்று அவர்கள் நினைத்துவிடக் கூடாது. பாயையே பெரிதாகக் காட்டுங்கள், போதும்.

சலுகை அறிவிப்பையும் யோசியுங்கள். ஆடியில் இந்து வீடுகளில் கல்யாணம் வைப்பதில்லை, தவக்காலத்தில் கத்தோலிக்கர்கள் தவிர்ப்பார்கள். ரமலான் ஆண்டுதோறும் 10, 11 நாள் முன்னால் வரும், அதனால் தேதியை நிரந்தரமாகப் பூட்டி வைக்காதீர்கள்.

செங்கோட்டை:
எனக்கு வேறு தொல்லை. செங்கோட்டையில் உட்கார்ந்து உங்கள் தளத்தைத் திறந்தால் சில நேரம் மலையாளப் பக்கம் வருகிறது. இருக்கும் இடத்தை வைத்து மொழியைத் தீர்மானிக்கிறீர்கள் போல. மொபைல் இணையத்தில் ஐபி முகவரி காட்டும் ஊர் பெரும்பாலும் சரியாக இருக்காது. அப்புறம், கேரளத்தில் புனலூர் பக்கம் தமிழ் பேசுகிறவர்களும் உண்டு, இங்கே மலையாளம் பேசுகிறவர்களும் உண்டு. மேலே ஒரு மொழிப் பொத்தான் வைத்து, ஆள் தேர்ந்தெடுத்ததை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தின் வேறு மொழி வடிவம் எங்கே இருக்கிறது என்று கூகுளுக்குச் சொல்லும் ஹெச்ரெஃப்லாங் குறிப்பு போடும்போது தமிழ்ப் பக்கம் மலையாளப் பக்கத்தையும், மலையாளப் பக்கம் தமிழ்ப் பக்கத்தையும் காட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் காட்டினால் கூகுள் அதைக் கணக்கில் எடுக்காது.

கேரளத்தில் கர்க்கடகம் நம் ஆடியோடு ஒட்டி வரும். ஆகஸ்ட் நடுவில் சிங்ஙம் பிறந்ததும் அங்கே கல்யாணக் காலம். மலையாளப் பக்கத்தின் கல்யாணச் சலுகையை அப்போது போடுங்கள்.

பாய்க்கடை:
எல்லோருக்கும் நன்றி. தம்பி சொன்னபடி ரெஜெக்ஸைத் திருத்தினோம், "சு. முத்துலட்சுமி" இன்ஷியலோடு முழுசாக வருகிறது! முகப்புப் படத்தையும் மாற்றிவிட்டோம். மொழிப் பொத்தான் வேலை நடக்கிறது. ஆனால் நெய்யும் பெயருக்கென்று இருக்கும் பெட்டியில் 12 எழுத்துதான் எல்லை. அதில் "முத்துலட்சுமி" என்று தட்டினால் கடைசி எழுத்து "ம" ஆகிவிடுகிறது. எண்ணினால் 7 எழுத்துதானே?

பாளை நிரலர்:
நமக்கு 7, கணினிக்கு 13. கொக்கி, புள்ளி ஒவ்வொன்றையும் அது தனியாக எண்ணுகிறது. ஜாவாஸ்கிரிப்டில் நாம் பார்க்கும் எழுத்தாகப் பிரித்துத் தரும் இன்டில் செக்மென்டர் (Intl.Segmenter) கொண்டு எண்ணினால் 7 வரும். க்ஷ, ஸ்ரீ மட்டும் இரண்டிரண்டாக வரும், அதற்கு இடம் விடுங்கள். கல்யாண அட்டை அச்சகத்திலிருந்து பெயரை நகலெடுத்து ஒட்டுகிறவர்களும் இருப்பார்கள். அது பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் இருந்தால் ஆங்கில எழுத்துக் குவியலாக விழும். அதனால் பணம் கட்டும் முன் பாய்ப் படத்தின் மேல் பெயரைப் பெரிதாகக் காட்டி, "இப்படித்தான் நெய்யப்படும், சரியா?" என்று கேட்டு ஒரு பொத்தான் வையுங்கள். அந்தப் படத்தையே நெசவாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம்.