புதுப்பிப்பு: மகள் தனியாக நடந்து கிண்டர்கார்ட்டன் போவது (ஜூரிச்)

ஐந்து வயது மகளைத் தனியாக நடந்து வரவிடச் சொல்கிறார்கள் கிண்டர்கார்ட்டனில், மனசு கேட்கவில்லை என்று ஆகஸ்டில் இங்கே எழுதியிருந்தேன். அக்கறையாகப் பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

இப்போது தனியாகத்தான் போகிறாள். போலீஸ்காரர் ஒருவர் வகுப்புக்கே வந்து, பிள்ளைகளை ரோட்டுக்குக் கூட்டிப்போய்ப் பழக்கினார். நில், பார், கேள், நட. வண்டி மெதுவானால் போதாது, சக்கரம் நின்ற பிறகுதான் காலை வைக்கணும். ஒருநாள் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். கழுத்தில் பளபளக்கும் முக்கோணப் பட்டை, ரோட்டைக் கடக்கிற இடத்து மஞ்சள் கோடுகளுக்கு முன்னால் சக்கரத்தையே உற்றுப் பார்த்தபடி நிற்கிறாள். டிரைவர் கையைக் காட்டி "போ" என்றும் அசையவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இட்லி கொடுத்துவிடலாமா என்று கேட்டவருக்கு: ஒன்பது மணித் தீனிக்குப் பழம், காய், ரொட்டிதான் கேட்கிறார்கள், இனிப்பு கூடாது. மதியம் வீட்டுக்கு வந்துவிடுவாள், இட்லி அப்போது.

அங்கே பேச்சு முழுக்க சுவிஸ் ஜெர்மன், அதாவது ஜெர்மன் மொழியின் இங்குள்ள வட்டாரப் பேச்சு. கிண்டர்கார்ட்டனில் பொதுவாக வட்டாரப் பேச்சுதான் என்று ஜூரிச் மாநிலத்தில் 2011-இல் வாக்கெடுப்பு நடத்தியே முடிவு செய்திருக்கிறார்கள். நல்ல முடிவு என்றே நினைக்கிறேன், விளையாட்டில் பிள்ளைகள் பேசுவது அதுதானே.

அடுத்தது நவம்பர் விளக்கு ஊர்வலம். டர்னிப் கிழங்கைக் குடைந்து, தோலில் நட்சத்திரம் செதுக்கி, உள்ளே மெழுகுவர்த்தி வைப்பார்கள். குடைய என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள்.

ஒரு கேள்வி பாக்கி. டிசம்பரில் காலை எட்டு மணிக்கும் சரியாக விடிந்திருக்காதாமே, அப்போதும் தனியாகத்தான் அனுப்புகிறீர்களா?