கெஸ்ட் ஹவுஸ் சைட் கூகுளில காணேல்ல, கொப்பிப் பிரச்சினையோ? அவசரம்

உப்புவெளிப்_பெடியன் | இரவு 11.42
எங்கட கெஸ்ட் ஹவுஸ் சைட் முதல் பக்கத்தில நிண்டது, இப்ப எங்க போனதெண்டே தெரியேல்ல. எங்கட பேரைப் போட்டுத் தேடினாலும் புக்கிங் சைட்டுகள்தான் மேல வருது. சைட் செய்த தம்பியைக் கேட்டா, ஒரே எழுத்து ரெண்டு இடத்தில இருந்தா கூகுள் பெனால்டி அடிக்கும் எண்டுறார். நான் ஒருத்தரிட்டயும் கொப்பி அடிக்கேல்ல. சித்திரை முடியச் சீசன். ஆராவது கெதியாச் சொல்லுங்கோ.

நிலாவெளிக்_காத்து | 11.58
லிங்க் எங்க? எப்ப இருந்து இப்பிடி? சைட் செய்தது வேர்ட்பிரஸிலயா? கூகுள் உங்கட சைட்டை எப்பிடிப் பாக்குது எண்டு காட்டிற சேர்ச் கொன்சோல் இருக்கா?

கப்பல்துறை77 | காலை 6.10
புக்கிங் சைட்டுக்குக் குடுத்த விவரத்தையே உங்கட சைட்டிலயும் ஒட்டியிருப்பீங்கள். எனக்கும் நடந்தது. இருந்து எல்லாத்தையும் திருப்பி எழுதினன், ரெண்டு மாசத்தில வந்திட்டுது. வேற வழியில்ல.

பழைய_கை | 7.25
மாசத்துக்கு ஒருக்கா இதே கேள்வி. மேல தேடல் பெட்டி அழகுக்கு வைச்சதில்ல. ஒரே எழுத்து ரெண்டு இடத்தில கிடக்கு எண்டதுக்காகப் பெனால்டி கிடையாது, 2008இலேயே கூகுள் எழுதீட்டுது. ஏமாத்திறதுக்கெண்டே அடுத்தவன்ர எழுத்தை அள்ளிக் கொட்டினாத்தான் வில்லங்கம். மற்றப்படி ஒரே மாதிரி நாலு பக்கம் கண்டா ஒண்டைத் தெரிஞ்செடுத்துக் காட்டும், மிச்சத்தை ஒதுக்கும். எதைத் தெரிஞ்செடுத்தது எண்டுதான் பாக்கோணும். லிங்கே தராமல் என்னத்தைப் பாக்கிறது?

கப்பல்துறை77 | 7.31
அப்ப 2011இல கூகுள் தேடலில கொண்டுவந்த பாண்டா மாற்றம்?

பழைய_கை | 7.40
அது தரங்கெட்ட சைட்டுகளைக் கீழ தள்ளினது. சாம்பாரையும் ரசத்தையும் ஒரே சட்டியில ஊத்தாதேங்கோ.

உப்புவெளிப்_பெடியன் | 9.05
லிங்க் நிலாவெளி அண்ணைக்குத் தனியா அனுப்பினன். வேர்ட்பிரஸ்தான். மாசியில டிசைன் மாத்தினது. அது முக்கியமோ?

பழைய_கை | 9.06
முக்கியமோ எண்டு கேக்கிறார்.

மூதூர்_வெயில் | 9.30
தலைப்பில திருமலை எண்டு போட்டிருந்தா அதை முதல்ல மாத்துங்கோ. திருமலை எண்டு தேடினா ஏழுமலையான்தான் வருவார். திருகோணமலை எண்டு முழுசா எழுதுங்கோ.

கோட்டையடி | 9.44
திருக்கோணமலை. க் வரும்.

மூதூர்_வெயில் | 9.47
எந்தப் பஸ் போர்டில க் கண்டனீங்கள்?

கோட்டையடி | 9.52
பஸ் போர்டு பாத்தோ தமிழ் படிக்கிறது?

கப்பல்துறை77 | 10.15
புறாமலைத் தீவுக்குப் போட் தேடுற வெள்ளைக்காரன் தமிழிலயோ தேடப்போறான்? க் வந்தாலென்ன வராட்டியென்ன.

நிலாவெளிக்_காத்து | 11.20
தம்பி, உங்கட முகப்புப் பக்கத்தின்ர சோர்ஸ் கோடைத் திறந்து பாத்தன். கனோனிக்கல் எண்டொரு வரி இருக்கு. ஒரே பக்கம் கன இடத்தில இருந்தா எது மூலம் எண்டு தேடுபொறிக்குச் சொல்றதுக்காக 2009இல கூகுளும் யாகூவும் மைக்ரோசொஃப்டும் சேந்து கொண்டுவந்தது. உங்கட சைட்டில அந்த வரி உங்கட விலாசத்தைக் காட்டேல்ல, டெஸ்ட் எண்டு தொடங்கிற வேற விலாசத்தைக் காட்டுது. போய்ப் பாத்தா அதே சைட், அதே படங்கள், விலை மட்டும் பழசு. புது டிசைனை அங்க செய்து இஞ்ச கொண்டுவந்தவர் அந்த வரியை மாத்தேல்ல, டெஸ்டையும் பூட்டேல்ல. கூகுள் நீங்கள் காட்டின பக்கமே போயிருக்கு.

கனோனிக்கலை உங்கட சொந்த விலாசத்துக்கு மாத்துங்கோ. டெஸ்டில இருக்கிற ஒவ்வொரு பக்கத்தில இருந்தும் உங்கட சைட்டில உள்ள அதே பக்கத்துக்கு 301, அதாவது நிரந்தரமாத் திருப்பிவிடுறதை, போடச் சொல்லுங்கோ, எல்லாத்தையும் முகப்புக்குத் தள்ளவேண்டாம். பிறகு சேர்ச் கொன்சோலில விலாசத்தைப் போட்டு, கூகுள் எதை மூலமா எடுத்திருக்குது எண்டு பாருங்கோ.

கப்பல்துறை77 | 11.34
தேடுபொறி எங்க போகக்கூடாது எண்டு சொல்ற ரோபோட்ஸ் ஃபைலில டெஸ்டை அடைச்சா ஒரு வரியில முடிஞ்சுது.

பழைய_கை | 11.41
அடைச்சா கூகுள் உள்ள போகாது. போகாட்டி 301 போட்டது அதுக்கு எப்பிடித் தெரியும்? வெறும் விலாசம் தேடலில தொங்கிக்கொண்டு கிடக்கும். நிலாவெளி சொன்னது சரி. கனோனிக்கல் கட்டளை இல்ல, சைகைதான். அதனால மாத்தின கையோட நாளைக்கே வரும் எண்டு வாசலில நிக்கவேண்டாம்.

கோட்டையடி | பகல் 12.10
கல்வெட்டிலயோ பதிகத்திலயோ பஸ் போர்டு இல்ல, மூதூர்.

உப்புவெளிப்_பெடியன் | இரவு 8.15
அதுதான். தம்பி மறந்துபோனாராம். மாத்தியாச்சு. நன்றி அண்ணை. ஆக்கள் வந்திருக்கினம், பிறகு எழுதிறன்.

உப்புவெளிப்_பெடியன் | 19 நாளுக்குப் பிறகு
பேரில தேடினா வருது. நாலு அறைப் பக்கத்தில ஒண்டுதான் காட்டுது.

பழைய_கை | அண்டைக்கே
நாலிலயும் ஒரே பந்தி, அறை நம்பர் மட்டும் வேற எண்டா அது ஒண்டைத்தான் காட்டும். எது கடல் பாத்தது, எதுக்கு ஏசி, எதில பிள்ளையளோட தங்கலாம் எண்டு எழுதுங்கோ. எழுத ஒண்டுமில்லையெண்டா நாலையும் ஒரே பக்கமாக்குங்கோ.

நிலாவெளிக்_காத்து | அடுத்த நாள்
டெஸ்டுக்கு 301 போட்டாரா, சும்மா பாஸ்வேர்டால பூட்டினாரா? பாத்துச் சொல்லுங்கோ தம்பி.